மிளகாய் வற்றலில் படிந்த பாஷாணம்: குய்சோ மாகாணத்து ஆர்செனிக் நோய் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆர்செனிக் நச்சு என்றதும் இந்திய வாசகர்களுக்கு நினைவுக்கு வருபவை மேற்கு வங்கமும் வங்கதேசமும் அங்குள்ள குழாய்க் கிணறுகளும்தான். 1980களின் தொடக்கத்தில் கொல்கத்தாவின் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, தம்மிடம் வந்த கிராமத்து நோயாளிகளின் கைகால்களில் கண்ட தடிப்புகளுக்குக் காரணம் அவர்கள் குடித்த நிலத்தடி நீரே என்று இனங்கண்டார். அதன் பிறகு ஆர்செனிக் நோய் என்பதே தண்ணீரால் வரும் நோய் என்ற எண்ணம் மருத்துவ உலகிலும் பொது வெளியிலும் வேரூன்றிவிட்டது. சீனத்தின் தென்மேற்கில் உள்ள குய்சோ மாகாணத்தில் நடந்தது இந்த எண்ணத்துக்குள் அடங்குவதில்லை. அங்கே குடிநீரில் ஆர்செனிக் வழக்கமான அளவிலேயே இருந்தது. ஆனாலும் ஆயிரக்கணக்கானோர் தோலிலும் கல்லீரலிலும் அதே நோயைச் சுமந்தார்கள். நச்சு வந்த வழி அவர்களுடைய சமையலறை அடுப்பு. அதிலும் பெரும்பகுதி உடலுக்குள் சென்றது மூக்கின் வழியாக அன்று, வாயின் வழியாக. புகையைப் பற்றிய நோயாகத் தோன்றும் இது உண்மையில் உணவைப் பற்றிய நோய் என்பதே இந்த நிகழ்விலிருந்து கற்க வேண்டியவற்றில் முதன்மையானது என்று நான் கருதுகிறேன். ஆகவே இந்த ஆய்வில் நச்சு நடந்து வந்த பாதைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

நிலமும் நிலக்கரியும்

குய்சோ சுண்ணாம்புப் பாறை மலைகள் நிறைந்த மேட்டு நிலம். மூன்று நாள் சேர்ந்தாற்போல் வானம் வெளுக்காது, மூன்று லி (ஒரு லி ஏறத்தாழ அரை கிலோமீட்டர்) தூரம் சேர்ந்தாற்போல் தரை சமமாக இராது, மனிதர் கையில் மூன்று ஃபென் (மிகச் சிறிய எடை) வெள்ளியும் சேராது என்று அந்த மாகாணத்தைப் பற்றிச் சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. அதன் தென்மேற்கு மூலையில் உள்ள கியான்சினான் தன்னாட்சி வட்டாரத்தில் பூயெய், மியாவ், ஹான் மக்கள் கலந்து வாழ்கிறார்கள். நோய் மிகக் கடுமையாக வெளிப்பட்ட, அன்று வட்டமாக இருந்த சிங்ரெனும், ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப இடம்பெறும் ஜியாவ்லே கிராமமும் இங்குதான் உள்ளன.

பழமொழி சொல்லும் அந்த ஈரம்தான் இந்த நோயின் முதல் கண்ணி. மக்காச்சோளமும் மிளகாயும் அறுவடைக்கு வருவது இலையுதிர் காலத்தில். அப்போது வெயில் இல்லை, தூறலும் குளிரும் மட்டுமே உண்டு. முற்றத்தில் பாய் விரித்து மிளகாய் காயவைக்கும் வசதி அந்த மலைக்கிராமத்துக் குடும்பத்துக்குக் கிடையாது. எனவே விளைச்சல் வீட்டுக்குள் வந்து, அடுப்புக்கு மேலே உள்ள பரணிலும் உத்தரத்திலும் தொங்கி, வாரக்கணக்கில் அடுப்புச் சூட்டில் காய்ந்தது. காடுகள் அழிந்து விறகு அரிதாகிவிட்ட அந்தப் பகுதியில் அடுப்புக்கு எரிபொருள் நிலக்கரி. மலைச்சரிவில் மண்ணை ஒட்டி வெளியே தெரியும் படிவங்களைக் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் தோண்டி, கூடையில் சுமந்து வந்தார்கள். செலவில்லாமல் கிடைத்த எரிபொருள் அது. ஆகவே அது எந்தப் படிவத்திலிருந்து வருகிறது என்று விசாரிக்க யாருக்கும் தேவை ஏற்படவில்லை.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. இந்த வட்டாரத்தின் நிலக்கரிப் படுகைகள், அவை உருவான பிறகு, பாறைப் பிளவுகள் வழியாக மேலேறி வந்த வெந்நீர்க் கரைசல்களால் ஊடுருவப்பட்டவை. இதே கரைசல்கள்தான் அந்தப் பகுதியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள் தங்கத்தையும் படியவைத்தன. தங்கம் வரும் இடத்தில் ஆர்செனிக், பாதரசம், ஆன்டிமனி ஆகியவையும் உடன் வருவது புவியியலாளர்களுக்குப் பழக்கமான சேர்க்கை. உலகில் பொதுவாகக் கிடைக்கும் நிலக்கரியில் கிலோவுக்குச் சில மில்லிகிராம் முதல் சில பத்து மில்லிகிராம் வரையே ஆர்செனிக் இருக்கும். குய்சோவில் எடுக்கப்பட்ட மாதிரிகளில் சில கிலோவுக்கு 35,000 மில்லிகிராம் வரை காட்டின. அதாவது எடையில் மூன்றரை விழுக்காடு. ஒரு கிலோ கரியில் 35 கிராம் ஆர்செனிக். இது எரிபொருளாகவே கருதத் தகாத பொருள், ஆர்செனிக் தாது என்று சொன்னாலும் மிகையாகாது.

இரண்டு நுட்பங்களை இங்கே குறிப்பிட வேண்டும். முதலாவது, இத்தகைய கரி மாகாணம் முழுவதும் பரவியதன்று. பாறைப் பிளவுகளை ஒட்டிய சிறு சிறு திட்டுகளாகவே அது கிடைத்தது. பக்கத்துக் குன்றில் வெட்டிய கரி சாதாரணமாக இருக்கலாம், இந்தக் குன்றில் வெட்டியது நஞ்சாக இருக்கலாம். கறுப்பிலும் எடையிலும் பார்வைக்கு வேறுபாடு இல்லை. இரண்டாவது, நிலக்கரியில் ஆர்செனிக் பெரும்பாலும் பைரைட் எனப்படும் இரும்புக் கந்தகக் கனிமத்தோடு சேர்ந்திருக்கும் என்பது பாடநூல் கருத்து. கரியைக் கழுவிக் கனிமத்தைப் பிரித்தால் ஆர்செனிக்கும் குறையும் என்ற நம்பிக்கை அதிலிருந்து வந்தது. ஆனால் குய்சோ மாதிரிகள் பலவற்றில் ஆர்செனிக்கின் கணிசமான பங்கு எந்தக் கனிமத்தோடும் சேராமல் கரியின் கரிமப் பொருளோடேயே பிணைந்திருந்தது. ஆகவே கழுவிச் சுத்தம் செய்யும் உபாயம் இங்கே கைகொடுக்காது.

அடுப்பிலிருந்து தட்டுக்கு

நோயுற்ற வீடுகளின் சமையலறை ஏறத்தாழ ஒரே அமைப்பில் இருந்தது. மண் தரையில் ஒரு குழி அல்லது தாழ்வான திறந்த அடுப்பு, புகைபோக்கி கிடையாது, கூரை இடுக்குகளில் புகை தானாகக் கசிந்து வெளியேற வேண்டியதுதான். சமையலும் குளிர்காய்தலும் அதே நெருப்பில். மேலே பரணில் மக்காச்சோளக் கதிர்கள், கயிற்றில் கோத்த மிளகாய்ச் சரங்கள். குளிர் மாதங்களில் நெருப்பு அணைவது அரிது, குடும்பம் அதைச் சுற்றியே உட்கார்ந்திருக்கும்.

கரி எரியும்போது அதிலுள்ள ஆர்செனிக் ஆக்சிஜனோடு சேர்ந்து ஆர்செனிக் மூவாக்சைடு ஆகிறது. சித்த மருத்துவர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று அறிந்து, சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று எச்சரித்த அதே பொருள். நெருப்பின் சூட்டில் இது ஆவியாகி மேலெழும். சற்றுக் குளிர்ந்தவுடன் மீண்டும் திண்மமாகிப் புகைத்துகள் மீதும், குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் படியும். அடுப்புக்கு நேர் மேலே, ஈரத்தோடு, சுருக்கம் விழுந்த தோலோடு, வாரக்கணக்கில் அசையாமல் தொங்கும் மிளகாயைவிட அந்தப் படிவுக்கு வாய்ப்பான பரப்பு வேறில்லை. படிவது மேற்புறத்தோடு நிற்பதுமில்லை. காயின் உள்ளேயும் ஊடுருவுகிறது.

அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் ராபர்ட் ஃபிங்கல்மன், ஹார்வி பெல்கின் ஆகியோரும் குய்யாங் நகரில் உள்ள சீன அறிவியல் கழகத்தின் புவிவேதியியல் நிறுவனத்தைச் சேர்ந்த செங் பாவோஷானும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை இந்தப் பாதையை எண்களால் காட்டியது. புதிதாகப் பறித்த மிளகாயில் ஆர்செனிக் கிலோவுக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு. அதே மிளகாய் ஆர்செனிக் மிகுந்த கரியின் மேல் காய்ந்த பிறகு, சராசரியாகக் கிலோவுக்கு 500 மில்லிகிராம். சமையலறைப் புழுதியில் 3,000 மில்லிகிராம் வரை. குடிநீர் மாதிரிகளில் குறிப்பிடத்தக்க அளவு இல்லை.

500 என்ற அந்த எண் என்ன பொருள் தருகிறது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிலோவுக்கு 500 மில்லிகிராம் என்றால் ஒரு கிராம் வற்றலில் 500 மைக்ரோகிராம். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஆகவே அந்த வற்றலில் ஒரே ஒரு கிராம், அதாவது ஒன்றிரண்டு மிளகாய், வரம்பு அளவில் ஆர்செனிக் உள்ள 50 லிட்டர் தண்ணீருக்குச் சமம். மிளகாய் இல்லாத சாப்பாட்டைச் சாப்பாடாகவே எண்ணாத மாகாணம் குய்சோ. அங்கே ஒருவர் ஒரு நாளில் ஒரு கிராமோடு நிறுத்துவதில்லை. கடல் மீனில் உள்ள ஆர்செனிக்கை இதனோடு ஒப்பிட்டுச் சமாதானம் அடையவும் வழியில்லை. மீனில் இருப்பது பெரும்பாலும் உடல் அப்படியே சிறுநீரில் தள்ளிவிடும் கரிமச் சேர்மம். மிளகாயில் படிந்தது நேரடி நச்சான கனிம ஆர்செனிக்.

2002-இல் லியு ஜீயும் செங் பாவோஷானும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட விரிவான மதிப்பீடு மொத்த வெளிப்பாட்டைப் பிரித்துக் காட்டியது: உணவு 50 முதல் 80 விழுக்காடு, காற்று 10 முதல் 20 விழுக்காடு, தண்ணீர் 1 முதல் 5 விழுக்காடு, கரி வெட்டுவோருக்கு நேரடித் தொடுகையால் ஏறத்தாழ 1 விழுக்காடு. இந்தப் பகுப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும். சுரங்கத்தில் இறங்குபவனைவிட, அடுப்படியில் உட்கார்ந்து சாப்பிடுகிற குழந்தைக்கு இந்த நோயில் அதிகப் பாதுகாப்பு ஏதும் இல்லை. தொழில்வழி நோய் என்ற கோணத்தில் மட்டும் ஆர்செனிக்கைத் தேடியிருந்தால் நோயாளிகளில் பெரும்பாலோர் கணக்கிலேயே வந்திருக்கமாட்டார்கள்.

சிலர் இந்தச் செய்தியைக் கேட்டதும் மிளகாயைக் குற்றவாளியாக்கிப் பேசுவதுண்டு. மிளகாய் இங்கே சுமந்து வந்த பாண்டம் மட்டுமே. அதே பரணில் காய்ந்த மக்காச்சோளத்திலும் ஆர்செனிக் ஏறியிருந்தது. அதன் செறிவு மிளகாயில் கண்டதைவிட மிகக் குறைவு என்றாலும், அன்றாடம் வயிறு நிறையச் சாப்பிடும் தானியம் என்பதால் அதன் பங்கும் புறக்கணிக்கத்தக்கதன்று.

தோலில் தெரிந்தவை

தென்மேற்கு வட்டாரத்தில் குறைந்தது 3,000 பேர் நோயாளிகளாக இனங்காணப்பட்டனர்; ஏறத்தாழ 2,00,000 பேர் ஆபத்து எல்லைக்குள் இருந்தனர். நோய் ஓரிரு நாளில் வருவதன்று. பல ஆண்டுகள் தொடர்ந்த உட்கொள்ளலுக்குப் பிறகே தோல் பேசத் தொடங்கும்.

முதலில் நிறம் மாறுகிறது. முகம் கன்றியதுபோல் சிவந்திருக்கும். மார்பு, முதுகு, வயிறு ஆகிய, உடையால் மறையும் பகுதிகளில், கறுத்த புள்ளிகளும் வெளுத்த புள்ளிகளும் கலந்து தோன்றும். புழுதித் தரையில் முதல் தூறல் விழுந்தாற்போல என்று மருத்துவர்கள் இதை வருணிப்பார்கள். வெயில் படாத இடத்தில் வருவதால் இது வயலில் உழைத்ததால் வந்த கருமையன்று என்று பிரித்தறிய முடிகிறது.

அடுத்து உள்ளங்கையும் உள்ளங்காலும். நம் ஊரில் கால் ஆணி என்று சொல்வோமே, அது போன்ற கெட்டியான சிறு முடிச்சுகள் இரண்டு உள்ளங்கைகளிலும் ஏறத்தாழ ஒரே சீராக எழும்பும். தொடக்கத்தில் கண்ணால் பார்ப்பதைவிட விரலால் தடவினால்தான் தெரியும். அரிசி மணியை அழுத்துவது போன்ற நெருடல் இருக்கும். பின்பு அவை ஒன்றோடொன்று சேர்ந்து மஞ்சள் படர்ந்த தடித்த தகடாகி, மடிப்புகளில் வெடிக்கும். வெடிப்பு ஆறாமல் புண்ணாகும். மண்வெட்டி பிடிப்பதும் செருப்பில்லாமல் நடப்பதும் அப்போது பெரும் வேதனை. சாதாரணக் காய்ப்பு உழைக்கும் இடத்தில் மட்டுமே வரும். இது விரல்களின் பக்கவாட்டிலும் பாதத்தின் குழிந்த பகுதியிலும்கூட வருவது மருத்துவருக்குக் கிடைக்கும் முக்கியமான துப்பு.

இந்தத் தடிப்புகளில் சில பின்னர் போவென் நோயாக மாறுகின்றன. ஓரம் தெளிவாகத் தெரியும், செதில் உதிரும், கறுத்த அல்லது சிவந்த திட்டுகள் அவை. புற்றுநோய்க்கு முந்தைய நிலை. அதற்கு அப்பால் செதிள் செல் புற்றுநோய். வெயிலால் வரும் தோல் புற்று பொதுவாக ஓரிடத்தில் வரும். ஆர்செனிக்கால் வருவது பல இடங்களில், அதுவும் வெயில் படாத இடங்களில், முளைக்கிறது. ஒருவருக்கு ஒரு கட்டியை அறுத்து எடுத்த பிறகு இன்னொன்று தோன்றுவதற்குக் காரணம் அதுவே.

கல்லீரலும் பிறவும்

தோல் நோய் ஊர் அறியத் தெரிவது. ஆனால் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அதுவன்று. குய்சோ நோயாளிகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினருக்குக் கல்லீரல் பெருத்திருந்தது. அதன் தொடர்ச்சியாகச் சிலருக்கு நார்த்திசு படிந்து கல்லீரல் சுருங்கிச் சிரோசிஸ் ஆனது. வயிற்றில் நீர் கோத்து மகோதரம் கண்டது. சிலருக்குக் கல்லீரல் புற்று. 2002-இன் அறிக்கை இந்த மூன்றையே நோயின் மிகக் கடுமையான முடிவுகளாகக் குறிப்பிடுகிறது.

கல்லீரல் ஏன் இவ்வளவு அடிபடுகிறது என்பதற்கு விளக்கம் உண்டு. குடலில் உறிஞ்சப்பட்ட ஆர்செனிக் முதலில் போய்ச் சேருமிடம் அதுதான். மூவாக்சைடில் இருக்கும் வடிவமான மூவிணைதிற ஆர்செனிக், புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளைப் பற்றிக்கொண்டு, செல்லின் ஆற்றல் உற்பத்திக்குத் தேவையான நொதிகளை முடக்குகிறது. கல்லீரல் செல்கள் ஆர்செனிக்கோடு மெத்தில் தொகுதிகளைச் சேர்த்துச் சிறுநீரில் வெளியேற்றப் பார்க்கின்றன. இதை நச்சு நீக்கம் என்றே நெடுங்காலம் கற்பித்து வந்தார்கள். ஆனால் இடையில் உண்டாகும் சில மெத்தில் சேர்மங்கள் மூல ஆர்செனிக்கைவிடவும் கடுமையானவை என்று பிற்பாடு தெரியவந்தது. 2001-இல் குய்சோ நோயாளிகளின் கல்லீரல் திசுத் துணுக்குகளில் மரபணுச் செயல்பாட்டை ஆராய்ந்தபோது, செல் பிரிதல், செல்லின் திட்டமிட்ட இறப்பு, டிஎன்ஏ சேதம் ஆகியவற்றோடு தொடர்புடைய மரபணுக்கள் மாறுபட்டு இயங்குவது காணப்பட்டது.

நுரையீரல் பாதிப்பும் பதிவாகியுள்ளது. ஆயினும் அதை முழுவதும் ஆர்செனிக் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. புகைபோக்கி இல்லாத அறையில் நிலக்கரி எரிந்தால் கந்தக டை ஆக்சைடும் நுண்துகளும், அரைகுறையாக எரிவதால் உண்டாகும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்தே வரும். பக்கத்து மாகாணமான யுன்னானின் சுவான்வெய் பகுதியில், புகை பிடிக்காத பெண்களிடையே நுரையீரல் புற்று மிக அதிகமாக இருப்பதற்கு வீட்டு நிலக்கரிப் புகையே காரணம் என்று கண்டறியப்பட்டது. அங்கே முதன்மைக் குற்றவாளி ஹைட்ரோகார்பன்கள். வீட்டுக்குள் நிலக்கரி எரிப்பதால் எழும் புகையையும், தனியாக ஆர்செனிக்கையும், மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதல் வகைக் காரணிகளாகவே பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. குய்சோ வீட்டில் இரண்டும் ஒன்றாக இருந்தன. இவை தவிர, கைகால் மரத்துப் போதலும் எரிச்சலுமாக நரம்புப் பாதிப்பும், சிறுநீரகச் செயல்குறைவும் நோயாளிகளிடம் காணப்பட்டன.

ஒரே ஊர், வேறுபட்ட உடல்கள்

ஒரே தெருவில் ஒரு வீட்டில் எல்லோருக்கும் நோய், அடுத்த வீட்டில் யாருக்குமில்லை என்ற நிலை அங்கே இருந்தது. முதல் விளக்கம் எளிது: அவர்கள் கரி வெட்டிய குழிகள் வெவ்வேறு. ஆனால் ஒரே மாதிரியான கரியை எரித்தவர்களிடையேயும் வேறுபாடு தெரிந்தது. ஒரே கிராமத்தில் வாழ்ந்த மியாவ் குலத்தாரையும் ஹான் குலத்தாரையும் ஒப்பிட்டு 2006-இல் வெளியான ஆய்வில், மியாவ் குலத்தாரிடம் தோல் நோய் குறிப்பிடத்தக்க அளவு குறைவாக இருந்தது. நச்சுகளை வெளியேற்ற உதவும் குளுட்டாதையோன் எஸ்-டிரான்ஸ்ஃபரேஸ் நொதிகளில் ஒன்றின் மரபணு வேறுபாட்டை அந்த ஆய்வு நோயோடு தொடர்புபடுத்தியது. இதைப் படித்துவிட்டு ஒரு சமூகத்துக்கு நோய் எதிர்ப்பு இருப்பதாக முடிவு கட்டுவது அவசரம். குலங்கள் நெருங்கிய உறவில் வாழ்பவை. உணவுப் பழக்கம், வீட்டமைப்பு, உடல்நிலை ஆகிய எல்லாவற்றிலும் அவை தமக்குள் ஒத்தும் பிறரிடமிருந்து வேறுபட்டும் இருக்கும். மரபணு ஒரு பகுதியை விளக்கலாம். அடுப்பை மாற்றாமலிருக்க அது காரணமாகாது.

கண்டறிதல்

உள்ளங்கையில் தடிப்பு தெரியும் வரை காத்திருப்பது தாமதம். சிறுநீரில் ஆர்செனிக்கை அளப்பதே வழக்கமான முறை. ஆனால் உட்கொண்டதில் பெரும்பகுதி சில நாள்களில் வெளியேறிவிடுவதால் அது அண்மை உட்கொள்ளலையே காட்டும். தலைமுடியும் நகமும் கந்தகம் நிறைந்த கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை, ஆர்செனிக்கைப் பிடித்து வைப்பவை. ஆதலால் மாதக்கணக்கான வரலாறு அவற்றில் இருக்கும். ஆனால் குய்சோ போன்ற இடத்தில் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. அறைப் புகையிலிருந்து முடியின் மேல் வெளியிலிருந்து படிந்ததா, இரத்தத்தின் வழி உள்ளிருந்து வந்ததா என்று பிரிப்பது கடினம். இதனால்தான் சிங்ரென் வட்டத்தில் ஜாக் இங் உள்ளிட்ட ஆய்வாளர்கள் சிறுநீரில் போர்ஃபிரின் எனும் சேர்மங்களின் அளவைப் பார்த்தார்கள். இரத்தச் சிவப்புப் பொருளை உடல் உருவாக்கும் வழியில் ஆர்செனிக் குறுக்கிடுவதால் இவை உயர்கின்றன. ஆர்செனிக் உடலுக்குள் வந்ததை மட்டுமன்றி, வந்து வேலை செய்யத் தொடங்கியதையும் இவை காட்டுகின்றன.

நோயாளியைச் சோதிப்பதைவிடக் கரியைச் சோதிப்பது எவ்வளவோ மலிவு என்ற எண்ணம் மற்றொரு பக்கம் வளர்ந்தது. பெல்கினும் உடனிருந்தோரும் 2003-இல் ஒரு களச் சோதனைப் பெட்டியை வெளியிட்டனர். 19-ஆம் நூற்றாண்டின் குட்ஸைட் முறையே அதன் அடிப்படை: மாதிரியிலுள்ள ஆர்செனிக்கை வாயுவாக்கி, வேதிப்பொருள் பூசிய தாளில் பட வைத்தால், அளவுக்கேற்ப நிறம் ஆழும். ஆய்வகமும் மின்சாரமும் இல்லாத மலைக்கிராமத்தில், குழியின் வாயிலிலேயே, இந்தக் கரி எரிக்கத் தக்கதா என்று பார்த்துவிடலாம். எனக்கு இந்த நிகழ்வில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். கரியின் தன்மை படிவத்துக்குப் படிவம் மாறும் இடத்தில், வட்டாரம் முழுவதற்கும் ஒரே தடை போடுவதைவிட, எந்தக் குழி ஆபத்தானது என்று ஊராருக்கே காட்டக்கூடிய கருவி பயன்மிக்கது.

செய்தவையும் செய்ய முடியாதவையும்

சீன அரசு ஆர்செனிக் மிகுந்த கரிக்குழிகளை மூடியது. புகைபோக்கி வைத்த இரும்பு அடுப்புகளை வீடுகளுக்கு வழங்கியது. வற்றலையும் தானியத்தையும் புகைபடாத இடத்தில் காயவைக்கவும் சமைக்குமுன் கழுவவும் பள்ளிகள் வழியாகவும் மருத்துவ ஊழியர் வழியாகவும் அறிவுறுத்தியது. இதே மாகாணத்தில் இன்னும் பெரிய அளவில் பரவியிருந்த ஃபுளோரைடு நோய் இந்தப் பணிக்கு வேகம் கொடுத்தது. குய்சோவிலும் சுற்றுப்புறத்திலும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோருக்குப் பற்களிலும் எலும்புகளிலும் ஃபுளோரைடு பாதிப்பு இருந்தது. கரித்தூளோடு களிமண் பிசைந்து செய்த உருண்டைகளை எரித்து அதன் மேல் சோளம் காயவைத்ததே அதற்குக் காரணம். அடுப்பும் பரணும் இரண்டு நோய்க்கும் பொது. எனவே ஒரே திட்டத்தில் இரண்டையும் அணுக முடிந்தது.

இந்த நடவடிக்கைகளைச் சம மதிப்புடையவையாகக் கருத எனக்கு மனமில்லை. புகைபோக்கி அடுப்பு பாராட்டத்தக்கதுதான். அறைக்காற்றைச் சுத்தமாக்குகிறது, ஹைட்ரோகார்பன், கந்தகம் என எல்லாவற்றையும் சேர்த்தே வெளியேற்றுகிறது. ஆனால் ஆர்செனிக் ஒரு தனிமம், எரிப்பதால் அழிவதில்லை. நல்ல அடுப்பில் எரித்தாலும் மோசமான அடுப்பில் எரித்தாலும் அந்த 35 கிராமும் எங்கேயோ போய்ப் படியத்தான் வேண்டும். புகைபோக்கி அதைப் பரணிலிருந்து முற்றத்துக்கு இடம் மாற்றுகிறது. மேலும் அடுப்பின் மூடியைத் திறந்து வைத்துக் குளிர்காய்வதும், குழாய் துருப்பிடித்து ஓட்டை விழுந்த பின்னும் மாற்றாமல் விடுவதும் எந்த ஊரிலும் நடக்கக்கூடியவை. அந்தக் கரியை அடுப்புக்கே வரவிடாமல் செய்வது ஒன்றே நச்சைப் பாதையின் தொடக்கத்தில் நிறுத்துகிறது. அதைச் செய்ய, மூடிய குழிக்குப் பதிலாக வேறு கரியோ மின்சாரமோ அந்தக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். இலவசமாகக் கிடைத்ததைத் தடுத்துவிட்டு விலைக்கு வாங்கச் சொன்னால், இரவில் அதே குழிக்குக் கூடையோடு போகிறவரைக் குறைசொல்ல இயலாது.

நோயாளிகளைப் பொறுத்தவரை மருத்துவத்தால் ஆவது குறைவு. டிஎம்பிஎஸ் போன்ற கொடுக்கிணைப்பு மருந்துகள் உடலிலுள்ள ஆர்செனிக்கைப் பற்றிச் சிறுநீரில் தள்ளுகின்றன. உட்கொள்ளல் தொடரும் வீட்டுக்கே நோயாளி திரும்பினால் அதனால் பயனில்லை, உட்கொள்ளல் நின்றுவிட்டாலோ உடல் தானாகவே பெரும்பகுதியைத் தள்ளிவிடும். உள்ளங்கைத் தடிப்புக்குச் சாலிசிலிக் அமிலக் களிம்பும் யூரியா களிம்பும் வெடிப்பைத் தணிக்கும். ஐயத்துக்குரிய திட்டுகளைத் திசுச் சோதனைக்கு அனுப்பி, போவென் நோய் எனத் தெரிந்தால் புற்றாகும் முன் வெட்டி எடுக்க வேண்டும்.

ஆர்செனிக் சேர்க்கை நின்ற பிறகும் புற்றுநோய் ஆபத்து பல பத்தாண்டுகள் நீடிப்பதே இந்த நோயின் கடினமான பக்கம். தைவானிலும் சிலியிலும் தண்ணீரை மாற்றிய பின்பும் நெடுங்காலம் புதிய புற்றுகள் தோன்றியது போல, குய்சோவிலும் சிறுவயதில் அந்தப் பரணின் கீழ் வளர்ந்தவர்கள் இன்று நடுத்தர வயதினர். அவர்களில் பலர் ஊரைவிட்டு நகரங்களுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். அங்கே ஒரு தோல் மருத்துவரோ கல்லீரல் மருத்துவரோ அவர்களைப் பார்க்கும்போது கேட்கும் வழக்கமான கேள்விகள் மது, மஞ்சள் காமாலை, குடிநீர் ஆகியவற்றைப் பற்றியவை. எந்த ஊரில் பிறந்தீர்கள், வீட்டில் எந்தக் கரி எரித்தீர்கள், மிளகாயை எங்கே காயவைத்தீர்கள் என்ற மூன்று கேள்விகளையும் அவற்றோடு சேர்த்துக் கேட்க வேண்டும். விடை ஐயத்துக்கு இடமளித்தால், உள்ளங்கையை விரலால் தடவிப் பார்த்து, உடலின் மறைந்த பகுதிகளில் தோலைச் சோதித்து, ஆண்டுதோறும் கல்லீரலுக்கு ஒலியலைப் படம் எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும்.